கென்னலுக்கு மலைப் பெயரா, ஆற்றுப் பெயரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டில் கன்னி என்ற நம் நாட்டு வேட்டை நாய் இனத்தை வளர்த்துவருகிறேன். குட்டி கேட்டு வருகிறவர்களைவிட, "அண்ணே, கென்னலுக்கு ஒரு பேரு சொல்லுங்க" என்று நாய்ப் பண்ணைக்குப் பெயர் கேட்டு போன் பண்ணுகிறவர்கள்தான் இப்போது அதிகம். அதிலும் முக்கால்வாசிப் பேருக்கு மலை, ஆறு, அருவி, பாறை என்று இயற்கையிலிருந்து ஒரு பெயர் வேண்டும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதிவைத்துவிட்டேன். இனி போனில் பேச்சைக் குறைக்கலாம்.

கென்னல் பெயர் என்பது வாசலில் மாட்டும் போர்டுதானே?

போர்டிலும் எழுதலாம். ஆனால் அதற்கு உரிய இடம் பெடிகிரி சான்றிதழ், அதாவது நாயின் வம்சாவளிப் பத்திரம். உங்கள் பெட்டை ஈனும் ஒவ்வொரு குட்டியின் பதிவுப் பெயரிலும் அது முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ வந்து உட்கார்ந்துகொள்ளும். அரியக்குடி, செம்மங்குடி என்று பாடகர் பெயருக்கு முன்னால் ஊர் நிற்கிறது. நாளடைவில் ஊரைச் சொன்னாலே ஆள் இன்னார் என்று தெரிந்துவிடுகிறது. அதே கதைதான் இங்கேயும். குட்டி கோயம்புத்தூருக்குப் போனாலும் குவாலியருக்குப் போனாலும், கை மாறி நாலாவது வீட்டுக்குப் போனாலும், அது யார் வீட்டில் பிறந்தது என்பதை அந்த ஒரு சொல் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். நல்ல குட்டியாக இருந்தால் பெருமை. இடுப்பெலும்பு சரியில்லாத குட்டியாக இருந்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான்.

வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. அது மணியோ டைகரோ, உங்கள் இஷ்டம். நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என் பெயரையோ மகள் பெயரையோ வைக்காமல், எதற்கு ஒரு மலையைத் தேட வேண்டும்?

வைக்கக் கூடாது என்று யார் சொன்னது? ஆனால் ஆள் பெயர் நிறையப் பேருக்கு ஒன்றாக இருக்கும். பதிவில் எளிதில் மோதும். நாளைக்கு மகளுக்கு நாய் மேல் விருப்பமில்லாமல் போகலாம். பாறைக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

அதோடு இது நமக்குப் புதிதும் அல்ல. சங்கப் பாட்டுகளில் வரும் குறுநில மன்னர்களைப் பாருங்கள். பறம்பு என்றால் பாரி, கொல்லி என்றால் ஓரி, பொதியில் என்றால் ஆய், முதிரம் என்றால் குமணன். ஆளையும் மலையையும் பிரித்துச் சொல்லவே முடியாது. மலை இன்னது என்றால் கொடை இன்னார் கொடை. பாரி போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையைக் காட்டி 'இதுதான் பறம்பு' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

நம் நாட்டு இனங்களின் பெயரே இப்படித்தான் பிறந்திருக்கிறது. கோம்பை என்றால் மலைகளுக்கு நடுவே உள்வாங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கு. அதுவே தேனிப் பக்கம் ஊரின் பெயராகி, அங்கிருந்து நாயின் பெயரானது. சிப்பிப்பாறையும் ஊர்ப்பெயர்தான், அந்தப் பெயருக்குள் ஒரு பாறை இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: இனத்தின் பெயரையே கென்னல் பெயராகக் கேட்டால் கிளப்புகள் பொதுவாகத் தராது. கோம்பை அழகான சொல்தான், உங்களுக்குக் கிடைக்காது.

வெளிநாட்டில் யாராவது மலைப் பெயர் வைத்து, அது நிலைத்திருக்கிறதா?

நிலைத்ததா என்றா கேட்கிறீர்கள்? மூன்று கதை சொல்கிறேன்.

முதலாவது மொனாட்னாக். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் தனியாக நிற்கும் மலை. உயரம் 965 மீட்டர்தான். நம் ஏற்காட்டைவிடக் குறைவு. அதன் பக்கத்தில் ஃபிட்ஸ்வில்லியம் என்ற ஊரில் லோர்னா டெமிடாஃப் என்ற பெண்மணி சைபீரியன் ஹஸ்கி வளர்த்தார். 1930களில் நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயங்களில் ஆண்களோடு போட்டியிட்டவர். கென்னலுக்கு மலையின் பெயரையே வைத்தார். 'மொனாட்னாக்ஸ் பாண்டோ' என்ற கடுவன் அந்த இனத்தில் பெரும்புள்ளி. அமெரிக்க ஹஸ்கிகளின் பெடிகிரியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் எங்காவது அந்த மலை எட்டிப்பார்க்கும். மலை அபனாக்கி பழங்குடியினர் மொழியில் பெயர் பெற்றது. அதை நாய்க்காரர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. சுற்றியுள்ள நிலமெல்லாம் அரித்துப்போன பின் தனித்து நிற்கும் குன்றுக்கு நிலவியல்காரர்களும் மொனாட்னாக் என்றே பொதுப்பெயர் வைத்துவிட்டார்கள். மதுரைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், சமவெளியில் திடீரென்று படுத்துக்கிடக்கும் யானைமலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சுவிட்சர்லாந்து இத்தாலி எல்லையில் 2,469 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய். அங்கே துறவிகள் நடத்திய விடுதியில் வளர்ந்த நாய்களுக்குக் கணவாயின் பெயரே இனப்பெயர் ஆகிவிட்டது. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி என்ற நாய் நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அதன் உடலைப் பெர்ன் நகரத்து அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். 2005இல் துறவிகளிடமிருந்து நாய்களைப் பொறுப்பேற்றுக்கொண்ட அறக்கட்டளை இன்றும் தான் வளர்க்கும் குட்டிகளுக்குக் கணவாய்ப் பெயரையே பின்னொட்டாகப் போடுகிறது. (பறம்புக்கும் ஒரு பாரி, பெர்னார்டுக்கும் ஒரு பாரி. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடிக்கும்.)

மூன்றாவது கொஞ்சம் சோகம். 1899இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ஜெர்மன் குதிரைப்படை அதிகாரி ஒரு கண்காட்சியில் ஒரு நாயைப் பார்த்து அங்கேயே வாங்கினார். அதன் பெயர் ஹெக்டர் லிங்க்ஸ்ரைன். லிங்க்ஸ்ரைன் என்றால் ரைன் ஆற்றின் இடப்பக்கம். வாங்கியவர் அதை ஹொராண்ட் ஃபான் கிராஃப்ராட் என்று தன் இடத்தின் பெயரால் மாற்றிவிட்டார். அந்த நாய்தான் ஜெர்மன் ஷெப்பர்ட் இனப் பதிவேட்டில் முதல் எண். அதை வளர்த்தவருக்குக் கிடைக்க வேண்டிய பெயர் ஒரு அடிக்குறிப்பில் போய் முடிந்தது. இன்றைய விதிகளில் வளர்த்தவரின் கென்னல் பெயரை வாங்கியவர் அழித்துவிட முடியாது. அந்த மட்டில் நல்லது.

இமயம், கைலாஷ், எவரெஸ்ட் என்று பெரிய பெயராக வைத்தால் கம்பீரமாக இருக்காதா?

இருக்கும். உங்களுக்கு முன்னால் நூறு பேருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். எடுபடும் பெயரெல்லாம் எப்போதோ எடுத்தாகிவிட்டது.

என் பேச்சைக் கேட்பதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். காலையில் நாய்களுக்குக் கஞ்சி ஊற்றுகிற இடத்தில் நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். கண்ணுக்கு என்ன தெரிகிறது? ஒரு மொட்டைப்பாறையா, ஓடைக்கரைப் பனங்கூட்டமா, மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் கட்டும் ஒரு பள்ளமா? அதற்கு ஊரில் ஒரு பெயர் கண்டிப்பாக இருக்கும். ஆடு மேய்க்கிற பெரியவரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும். வரைபடத்தில் இல்லாத பெயர் என்றால் இன்னும் விசேஷம். பதிவேட்டில் மோதவே மோதாது. கோவில்பட்டிப் பக்கத்தில் இருக்கிறவருக்குக் குருமலையும் சாத்தூர்க்காரருக்கு வைப்பாறும் இருக்கும்போது எவரெஸ்ட் எதற்கு? வைப்பாற்றில் பாதி வருடம் மணல்தான் ஓடும் என்பது வேறு விஷயம். கன்னி நாய் ஓடிப் பழக அந்த மணலைவிட நல்ல இடம் கிடையாது.

எவரெஸ்ட் கூட அந்த மலையை நேரில் பார்த்த ஒருவரின் பெயர் அல்ல. நில அளவைத் துறைத் தலைவராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரை 1865இல் வைத்தார்கள். அந்தப் பெரிய அளவைப் பணி தொடங்கியது எங்கே தெரியுமா? 1802இல், சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில். ஆக, ஆலந்தூரில் நாய் வளர்க்கிறவருக்கு எவரெஸ்டைவிடப் பொருத்தமான குன்று வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

நான் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பில். மலையும் இல்லை, ஆறும் இல்லை.

இயற்கை அடையாளம் என்றால் மலை மட்டுமா? சதுப்பு, தேரி, கழிமுகம், மணல்திட்டு, பெரிய மரம் எல்லாமே சேர்த்திதான். சென்னைத் தென்கோடியில் பள்ளிக்கரணைச் சதுப்பு இருக்கிறது. அடையாற்றில் பழைய ஆலமரம் இருக்கிறது. 1989 புயலில் தாய்மரம் சாய்ந்த பிறகும் விழுதுகள் நின்றுகொண்டிருக்கின்றன. ஒரு கென்னலுக்கு 'விழுது' என்பதைவிட என்ன வேண்டும்? டெல்டாக்காரர்களுக்கு அலையாத்தியும் கோடியக்கரையும். தூத்துக்குடிக்காரர்களுக்குச் செம்மணல் தேரி. தேரியை ஆங்கிலத்தில் எழுதினால் பாதிப் பேர் 'தெறி' என்று படிப்பார்கள், சரி, வேட்டை நாய்க்கு அதுவும் பொருந்தும்.

ஆங்கில எழுத்துக் கூட்டல் பற்றி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?

பட்டவன் சொல்கிறேன். பதிவெல்லாம் ஆங்கில எழுத்தில்தான். நம் மொழியின் அழகான எழுத்துகள்தான் அங்கே போய் மாட்டிக்கொள்ளும். கழுகுமலை என்று ஆசையாக வைக்கிறீர்கள். 'ழ'வுக்கு இசட், எச் போடுவது நம் வழக்கம். வடக்கே ஒரு டாக் ஷோவில் ஒலிபெருக்கியில் பரிசு அறிவிக்கிறவர் அதை 'கஸுகுமலை' என்பார். எல் போட்டு எழுதினால் 'கலுகுமலை'. எப்படி எழுதினாலும் கழுகு பறந்துவிடும்.

நான் செய்த தவறு இன்னும் பெரியது. விண்ணப்பத்தில் ஒரு விதமாக எழுதினேன், போர்டில் பெயின்டர் ஒரு விதமாக எழுதினார், முதல் ஈத்துக் குட்டிகளின் பதிவுப் படிவத்தை அவசரத்தில் நிரப்பிய மருமகன் மூன்றாவது விதமாக எழுதினான். ஒரு 'எச்' கூடியதால் வந்த திருத்தக் கடிதப் போக்குவரத்து முடிவதற்குள் குட்டிகள் பெரிய நாய்களாகிவிட்டன. ஒரே கூட்டலை முடிவு செய்து, காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

ழ, ள, ற, ண வருகிற பெயர்கள் வேண்டாம் என்றில்லை. ஆனால் இரண்டு பெயரில் மனது ஊசலாடினால் லகுவானதை எடுங்கள். தமிழ் தெரியாத ஒருவரிடம் பெயரைப் போனில் ஒருமுறை மட்டும் சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சரியாக வந்தால் பெயர் தேறிவிட்டது.

எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பதிவுப் பெயர் முழுவதுக்கும் எழுத்து எண்ணிக்கையில் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்கன் கென்னல் கிளப்பில் 36 எழுத்து, கூடுதல் கட்டணம் கட்டினால் 50. இடைவெளியும் கணக்கில் வரும். ஆங்கிலத்தில் அகஸ்தியமலை 14 எழுத்து, தாமிரபரணி 13. கென்னல் பெயரே இடத்தை அடைத்துக்கொண்டால் குட்டிக்குப் பெயர் வைக்க என்ன மிஞ்சும்? ஏழெட்டு எழுத்துக்குள் முடித்துக்கொள்வது உத்தமம்.

நீளமான பெயரை வெட்டிச் சுருக்கலாமா?

வெட்டாதீர்கள், பழைய பெயரைத் தேடுங்கள். தாமிரபரணியின் பழைய பெயர் பொருநை. ஆங்கிலத்தில் ஏழே எழுத்து. பிரான்மலைக்குப் பறம்பு. பொதிகைக்குப் பொதியில். நம் முன்னோர் சின்னப் பெயராகத்தான் வைத்திருக்கிறார்கள், நாம்தான் இழுத்து நீட்டிவிட்டோம். காவிரிக்குப் பொன்னி என்று ஒரு பெயர் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் சொன்னவுடன் எல்லாருக்கும் அரிசி மூட்டைதான் ஞாபகத்துக்கு வரும்.

'தாமி', 'அகஸ்' என்று வெட்டினால் அது ஆறும் இல்லை, மலையும் இல்லை.

சாமி மலைகளின் பெயரை நாய்க்கு வைக்கலாமா?

அதிகம் சண்டை வருகிற கேள்வி இது. நாய் பைரவரின் வாகனம், அதனால் இழிவு ஒன்றுமில்லை என்பது என் கட்சி. ஆனால் ஊரோடு ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. திருவண்ணாமலை, பழனி, சதுரகிரி போன்ற பெயர்கள் மலை என்பதைத் தாண்டிச் சாமியின் பெயராகவே புழங்குகின்றன. 'இத்தனை ஆயிரத்துக்குப் பழனி விற்பனைக்கு' என்று ஒரு விளம்பரத்தைக் கற்பனை செய்து பாருங்கள். நெருடுகிறது அல்லவா? நான் வைக்கமாட்டேன்.

பழங்குடியினருக்குப் புனிதமான இடங்களில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் நமக்கு அது தெரியக்கூடத் தெரியாது. நீலகிரியில் 2,554 மீட்டர் உயரமுள்ள முக்குருத்தி சிகரம் இருக்கிறது. பெயர் காதுக்கு இனிமை, மலை பார்க்க அழகு. தோடர்களுக்கு அது இறந்தவர்களின் உயிர் மறு உலகத்துக்குப் போகும் வாசல். எருமைகளின் உயிரும் அந்த வழியாகத்தான் போகும். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1873இல் வந்த வெள்ளைக்காரர் அதற்கு ஏர்ஸ் ராக் என்று பெயர் வைத்தார். அதைத் தங்கள் புனித இடமாகக் காத்துவரும் அனங்கு மக்கள் ஏறாதீர்கள் என்று காலகாலமாகக் கேட்டுக்கொண்டும், 2019 அக்டோபரில்தான் ஏறுவதற்குத் தடை வந்தது. மற்றவர் கும்பிடுகிற இடத்தின் பெயரை எடுப்பதற்குமுன் அவர்களில் ஒருவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மலையின் பெயரையே அரசு மாற்றிவிட்டால் என் கென்னல் பெயர் என்னாகும்?

ஒன்றும் ஆகாது. பதிவேட்டில் உள்ளது பதிவேட்டில் உள்ளபடியே இருக்கும். அலாஸ்காவில் இருக்கும் வட அமெரிக்காவின் உயரமான சிகரத்தைப் பாருங்கள். அந்த மண்ணின் மக்கள் வைத்த பெயர் டெனாலி. 1917இல் அரசு மெக்கின்லி என்றது, 2015இல் டெனாலி என்றது, 2025இல் மறுபடி மெக்கின்லி என்கிறது. இதற்கெல்லாம் நாயின் சான்றிதழைத் திருத்திக்கொண்டிருக்க முடியுமா? இருந்தாலும், ஊர்க்காரர் வாயில் இருக்கிற பெயரையே எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உத்தரவு போட்டு வந்த பெயர் உத்தரவு போட்டால் போய்விடும்.

ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்க்கிறேன். 'ஃபோம் வைகை' என்று வைத்தால் ஸ்டைலாக இருக்குமே?

இருக்கும், ஆனால் ஜெர்மன் தெரிந்தவர் சிரிப்பார். ஃபோம் என்றால் 'இன்ன இடத்தைச் சேர்ந்த' என்று பொருள்; ஜெர்மன் இலக்கணத்தில் ஆண்பால், நடுப்பால் (நியூட்டர்) பெயர்களுக்கு முன்னால் வருவது. பெண்பாலுக்கு 'ஃபான் டேர்'. ரைன் அவர்களுக்கு ஆண், டானூப் பெண். நமக்கு வைகை அம்மா. தமிழ்ப் பெயரைத் தமிழாகவே முன்னால் நிறுத்தினால் இந்த வம்பே இல்லை.

நான் இருப்பது திருச்சியில், வளர்ப்பது பனி நாட்டு இனம். எந்த ஊர் மலையை வைப்பது?

இனத்தின் தாய்நிலத்தைக் குறிக்கும் பெயரை வைப்பதும் ஒரு மரபுதான். அமெரிக்காவின் முதல் சாம்பியன் அலாஸ்கன் மாலமூட்டின் பெயர் கிரிப் ஆஃப் யூகான். அந்த நாய் வளர்ந்தது நியூ ஹாம்ப்ஷயரில். யூகான் ஆறு ஓடுவதோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். யாரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. பெயரும் பூர்வீகமும் சரியாகப் பொருந்த வேண்டும் என்று பார்த்தால் லாப்ரடாரையே பெயர் மாற்ற வேண்டியிருக்கும். அதன் மூதாதை வந்தது பக்கத்து நியூஃபவுண்ட்லாந்திலிருந்து.

என் ஓட்டு திருச்சி மலைக்குத்தான். ஆனால் அதைவிட முன்னால் யோசிக்க வேண்டியது, திருச்சி வெயிலில் அந்த நாய் எப்படி இருக்கும் என்பதை.

பதிவு செய்வது எங்கே, எப்படி?

இந்தியாவில் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா; தலைமையகம் நம் சென்னையில்தான். அது எஃப்.சி.ஐ. என்ற, கென்னல் கிளப்புகளின் சர்வதேசக் கூட்டமைப்பைச் சேர்ந்தது. 1911இல் தொடங்கிய அந்த அமைப்பின் அலுவலகம் பெல்ஜியத்தில் துவான் என்ற ஊரில் இருக்கிறது. எஃப்.சி.ஐ. உலகம் முழுவதும் உள்ள கென்னல் பெயர்களுக்கு ஒரு பொதுப் பதிவேடு வைத்திருக்கிறது. அதனால் உங்கள் பெயர் இந்தியாவுக்குள் மட்டுமல்ல, போலந்திலோ பிரேசிலிலோ யாராவது வைத்திருக்கிற பெயரோடும் மோதக் கூடாது. 'ரிவர்', 'மவுண்டன்', 'ராக்' போன்ற பொதுச்சொற்களில் தொடங்கும் பெயர்கள் அடிபட்டுப்போவது இதனால்தான். 'பொருநை'யோடு மோத போலந்தில் யார் இருக்கிறார்கள்?

நான் முதலில் கேட்டது ஒரு பெரிய மலையின் பெயர். வேறொருவர் பல வருடம் முன்பே வாங்கிவிட்டிருந்தார். இரண்டாவதும் போனது. நான்காவதாக, 'சும்மா இருக்கட்டும்' என்று எழுதிப்போட்ட எங்கள் ஊர்ப் பாறையின் பெயர்தான் வந்தது. (எது என்று இங்கே எழுதவில்லை. விளம்பரம் ஆகிவிடும்.) இன்று அதைத் தவிர வேறு பெயரை நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனவே நாலைந்து பெயரோடு போங்கள், கடைசிப் பெயரும் பிடித்த பெயராகவே இருக்கட்டும். கட்டணமும் படிவமும் அவ்வப்போது மாறுவதால் அப்போதைய நிலவரத்தைக் கிளப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் கிடைத்துவிட்டால் தொழில் நடத்த அனுமதி கிடைத்த மாதிரிதானே?

இல்லை. இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கென்னல் பெயர் கிளப் தருவது. குட்டி போட வைத்து விற்பதற்கு, நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் தனியாகப் பதிய வேண்டும். ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்பதில்லை.

அப்புறம் டிரேட் மார்க். அது மூன்றாவது சங்கதி. 1999ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு இடத்தை மட்டுமே குறிக்கும் சொல்லை டிரேட் மார்க்காகப் பதிய எளிதில் விடாது. வைகை உங்கள் ஒருவருக்கு மட்டும் சொந்தம் என்று எழுதித்தர முடியுமா? பக்கத்துத் தெருவில் அதே ஆற்றின் பெயரில் ஒருவர் டீக்கடை வைத்தால் டீ குடித்துவிட்டு வர வேண்டியதுதான்.

பிறகு பெயரை மாற்றிக்கொள்ளலாமா?

மாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டே வையுங்கள். ஏற்கெனவே பிறந்த குட்டிகள் பழைய பெயரோடுதான் சுற்றும். கூட்டாக நடத்துகிறவர்கள், பிரிந்தால் பெயர் யாருக்கு என்பதை முதல் நாளே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பியாக இருந்தால் கட்டாயம் எழுதிவையுங்கள்.

கென்னலுக்கு ஆற்றுப் பெயர் வைத்தாகிவிட்டது. குட்டிகளுக்கும் அதையொட்டியே பெயர் வைக்கலாமா?

தாராளமாக. ஜெர்மன்காரர்கள் முதல் ஈத்துக் குட்டிகளுக்கெல்லாம் 'ஏ'யில் தொடங்கும் பெயர், இரண்டாவது ஈத்துக்கு 'பி' என்று வரிசையாகப் போவார்கள். பெயரைப் பார்த்ததும் எத்தனையாவது ஈத்து என்று தெரிந்துவிடும், வசதிதான். ஆனால் ஆறு இருக்கும்போது அகர வரிசை எதற்கு? பொருநைக்கு எத்தனை துணையாறுகள் இருக்கின்றன! மணிமுத்தாறு, சேர்வலாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு, பேயாறு.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நண்பர் அப்படியே செய்தார். பெட்டை ஆறு குட்டி போட்டது, ஆறுக்கும் ஆறு பெயர். மணிமுத்தாறுக்குப் போட்டி. பச்சையாறும் கடனாவும் ஒரே வாரத்தில் போய்விட்டன. பேயாறு என்று எழுதிய கடுவன் குட்டி இருந்ததிலேயே நல்ல வாட்டசாட்டம், ஆனால் காகிதத்தைப் பார்த்ததும் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் அதை அவரே வைத்துக்கொண்டார். சான்றிதழில் பேயாறு, வீட்டில் அப்பு. ராத்திரி பக்கத்துத் தோட்டத்துக்காரர் இடி இடித்தால்கூட அதைத்தான் திட்டுகிறார்.